சிங்கராஜாக் காட்டோரம் தகரக் கூரைக்குக் கீழ தங்கினது – போக நினைக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு

ஊருக்கு வந்து தோய்ச்சுப் போட்ட உடுப்பு இன்னும் காயேல்லை, அதுக்குள்ள எழுதிப்போடோணும் எண்டு இருக்கிறன். எங்கட ஆக்கள் ரிப் எண்டால் நுவரெலியா, எல்ல, அதை விட்டால் பாசிக்குடா எண்டு அதுக்குள்ளயே சுத்திக்கொண்டு நிக்கினம், அங்கால சிங்கராஜா எண்டு ஒரு மழைக்காடு கிடக்குது, 1988இல யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு அறிவிச்ச காடு, அதுக்குப் போய் வந்தன் எண்டு ஊரில ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. பாதை, செலவு, தங்குற இடம் எண்டு வரிசையாச் சொல்லுறன்.

இரவு பஸ்ஸில கொழும்பு, அங்க இருந்து இரத்தினபுரி, பேந்து கலவானை. அதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. கலவானையில தான் வயித்தெரிச்சல் தொடங்கினது. காட்டு வாசல் குடாவையில இருக்கு, அங்க போக ஆட்டோ கேட்டால் 4500 எண்டுறான். நாங்கள் தங்கப்போற வீட்டு அக்கா 2500க்கு மேல குடுக்கவேண்டாம் எண்டு முதலே போனில சொல்லிப்போட்டா. மச்சான் அவவுக்கு எடுத்து ஸ்பீக்கரில போட்டான், அவ சிங்களத்தில குடுத்த ஏச்சில ஆட்டோக்காரன் 2800க்கு இறங்கி வந்தான். சரி எண்டு ஏறினால், அரைவாசித் தூரத்தில மழை பிடிக்க, இனி றோட்டு சரியில்லை ஜீப் பிடியுங்கோ எண்டு எங்களை ஒரு தேத்தண்ணிக் கடையடியில இறக்கிப்போட்டு முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போட்டான்! பெரியம்மான்ர மகன் கனடாவில இருந்து வந்தவன், அவன்ர பெரிய பாக்கைக் கண்டாப்பிறகு தான் இந்த விலையெல்லாம் எண்டு நான் இப்பவும் சொல்லுவன்.

அந்தக் கடையில தோட்டத்தில வேலை செய்யுற ஒரு தமிழ் அம்மா நிண்டவா. நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுட்டு, "ஜீப்பெல்லாம் வேணாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க, பஸ்ஸு வரும்" எண்டா. வந்தது. மூண்டு பேருக்கும் சேத்தே 300 ரூபா வரேல்லை. அதே றோட்டில அந்தப் பழைய பஸ் ஒரு குலுக்கலும் இல்லாமல் போச்சு. ஆகவே கலவானையில இறங்கினால் ஆட்டோக்காரர் என்ன சொன்னாலும் காதில போடாமல் பஸ் ஸ்ராண்டில கேட்டுட்டு நில்லுங்கோ.

இனித் தங்கின இடம். பலகைச் சுவர், சீமெந்து நிலம், தகரக் கூரை, நுளம்பு வலை, அவ்வளவு தான். ஏசி இல்லை, சுடுதண்ணி இல்லை, போன் சிக்னல் முத்தத்து மூலையில ஒரு கல்லுக்கு மேல நிண்டால் மட்டும். மூண்டு நேரச் சாப்பாட்டோட ஆளுக்கு 6500. இதே அறை புக்கிங் ஆப்பில 9000க்குக் கிட்டக் காட்டினது, நேரா போன் எடுங்கோ, அந்தக் காசு அந்தக் குடும்பத்துக்கே போகட்டும். ரைல்ஸ் பதிச்சு ஏசி போட்ட லொட்ஜுகளும் அந்தப் பக்கம் இருக்கு, அதுக்குக் குடுக்கிற காசு வீண் காசு. கண்ணாடியை மூடிக்கொண்டு படுக்கிறதெண்டால் கொழும்பிலயே படுக்கலாம்.

ஏனெண்டால் இரவு தான் அங்க விசயமே. ஏழு மணிக்குக் கரண்ட் போச்சு, மழை தகரத்தில விழத் தொடங்க பக்கத்தில இருக்கிறவன் கதைக்கிறது கேக்காது. மழை விட்டால் தவளை, எத்தினை சாதித் தவளை எண்டு தெரியேல்லை, ஒண்டு டிக் டிக் எண்டுது, ஒண்டு விசில் அடிக்குது, விடியும் வரைக்கும் ஓயேல்லை. எனக்கு இன்னொரு விசயம் மனசுக்குள்ள நிண்டுட்டுது. ஓடையில இருந்து பைப் போட்டுத் தண்ணி எடுக்கினம், அந்தப் பைப்புக்குத் திருகுபிடியே இல்லை, இரவு பகலா ஊத்திக்கொண்டே கிடக்கு. ஆறே இல்லாத ஊரில, கோடைக்குக் கிணறு வத்துறதையும் தீவுப்பக்கம் பவுசரில தண்ணி வாறதையும் பாத்து வளந்தவனுக்கு அதைப் பாக்கப் பதறுது. பூட்டவேணும் எண்டு கை போகுது. சிங்கராஜாவில வருசத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல மழை, எங்களுக்குக் கிடைக்கிறது அதில அரைவாசியும் வராது.

சாப்பாடு! சிவப்பரிசிச் சோறு, பிஞ்சுப் பலாக்காய் கறுப்பா வறுத்த தூள் போட்டுக் கறி, வல்லாரைச் சம்பல், கொறக்காப் புளி போட்டு இறுக்கின மீன். விறகடுப்பில மண்சட்டியில வைச்ச பலாக்காய், இறைச்சி எண்டு சொல்லித் தந்தால் நம்பியிருப்பம். கனடாக்காரன் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். பிறகு எருமைத் தயிரும், கித்துள் எண்ட பனைச்சாதி மரத்தின்ர பாணியும். அந்த வீட்டு அண்ணை தானே கித்துள் சீவுறவர், விடிய வெள்ளன அவரோட போய்ப் பாத்தனாங்கள். பூவை மெல்லிசாச் சீவி முட்டி கட்டுறார். நாங்கள் பனையில கருப்பணி இறக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவுறம் எல்லோ, அவை ஹல் எண்ட மரத்தின்ர பட்டையை உள்ள போடுகினம், புளியாமல் இருக்க. இதை அவர் சைகையிலயும் அரைகுறைத் தமிழிலயும் சொல்ல, நான் பனையைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்ல, அரை மணித்தியாலம் போனது தெரியேல்லை. பாணி ஒரு போத்தல் வாங்கினன், கடையில விக்கிற சீனிப் பாணியை இனி வாயில வைக்கமாட்டன்.

காட்டுக்குள்ள போக வன இலாகாவிட ரிக்கற்றும் வழிகாட்டியும் கட்டாயம். உள்ளூராருக்கு ரிக்கற் சின்னக் காசு, வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்குப் பல மடங்கு, கூட்டிக்கொண்டு போறவை கணக்கில வையுங்கோ. நடக்கிற பாதை 1970களில மரம் தறிச்சு ஏத்தின லொறிப் பாதை, பிளைவூட்டுக்காக வெட்டினவையாம், சனம் எதிர்க்க 1977இல நிப்பாட்டினது. இங்க இருக்கிற மரங்களில 60 வீதத்துக்கு மேல இலங்கையில மட்டும் இருக்கிற சாதி. அதைத் தெரிஞ்சுகொண்டு அந்தப் பாதையில நடக்க எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது.

அட்டையைப் பற்றி எல்லாரும் கேக்கினம். ஓம், இருக்கு, கனக்க இருக்கு. இலை நுனியில பின்பக்கத்தால ஒட்டிக்கொண்டு எழும்பி நிண்டு அங்கையும் இங்கையும் ஆடித் தேடும், சூடு பட்டவுடன சப்பாத்தில ஏறும். கடிக்கிறது தெரியவே தெரியாது, விழுந்த பிறகும் இரத்தம் உறையாமல் வடியும், பாக்கப் பயமா இருந்தாலும் ஒண்டும் செய்யாது. பிச்சு இழுக்காதேங்கோ, நகத்தால வாயைத் தட்டி விடுங்கோ. அதுக்குப் பயந்து போகாமல் விடுறது மொக்குத்தனம்.

வழிகாட்டித் தம்பி திடீரெண்டு கையைக் காட்டி நிப்பாட்டினான். கண்ணுக்கு நேர, ஒரு முழத் தூரத்தில, கொப்பில பச்சை விரியன் சுருண்டு கிடக்கு, பச்சையில கறுப்புப் புள்ளி, அசைவே இல்லை, நான் தனியப் போயிருந்தால் அந்தக் கொப்பைப் பிடிச்சிருப்பன். பேந்து ஒரு குருவிப் பட்டாளம் வந்தது. செம்மஞ்சள் சொண்டுப் புலுனி முன்னுக்கு, கரிக்குருவிச் சாதி ஒண்டு காவல், பின்னால வேற வேற இனமெல்லாம் சேந்து இரை தேடிக்கொண்டு போகுதுகள், ஆபத்தெண்டால் கரிக்குருவி கத்தும், எல்லாம் உசாராகும். எங்கட முத்தத்துப் புலுனியின்ர சொந்தக்காரர் இவ்வளவு பெரிய கூட்டத்தை நடத்துறதை நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன். நீல மக்பை எண்ட குருவியையும் கண்டனாங்கள், சிவப்புச் சொண்டு, நீல வால், கொள்ளை வடிவு.

ஒரேயொரு விசயம் தான் எரிச்சல். பக்கத்து லொட்ஜில ஒரு பெடியள் கூட்டம் ஸ்பீக்கர் பொக்ஸைக் கொண்டுவந்து பின்னேரம் முழுக்கப் பாட்டுப் போட்டவங்கள், கதைச்சுப் பாத்தால் எங்கட பக்கத்துப் பெடியள்! தயவுசெய்து அதை வீட்டில வைச்சிட்டு வாங்கோ.

செலவு சொல்லுறன் எண்டனான் எல்லோ. பஸ், தங்கினது, ரிக்கற், வழிகாட்டி, அந்த ஆட்டோக்காரனுக்குக் குடுத்த அநியாயக் காசு எல்லாம் சேத்து ஆளுக்கு 25,000க்குள்ள முடிஞ்சுது, கனடாக்காரன்ர ரிக்கற் தனி. தை, மாசி, பங்குனி மழை குறைவு, அந்த நேரம் போங்கோ. ரோச் லைற்றும் காயக்கூடிய மெல்லிய உடுப்பும் காணும், ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சால் காயவே காயாது. அட்டை ஏறாமல் போடுற சொக்ஸ் வாசலடியிலயே வாங்கலாம்.