சாமான் துண்டு

இந்தத் தை மாதம் ஒரே கிழமையில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று வங்கியிலிருந்து: 1996இல் எடுத்த முப்பது வருட வீட்டுக் கடன் கட்டி முடிந்துவிட்டது என்று ஒரு பக்கக் கடிதம். மற்றது நமது பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில்: நமக்கு இங்கிலிஷ் படிப்பித்த குடைச் சேர் போய்விட்டார். பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டவர்களுக்கு மழுப்பிக்கொண்டிருந்தவன் இப்போது எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

குடைச் சேரை இங்கே அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தக் குடையையும் ஒற்றைக் கையால் பிடித்த சைக்கிளையும் மறந்தவர்கள் நமது பள்ளிக்கூடத்தில் படித்திருக்க முடியாது. அவருடைய சனிக்கிழமைப் பின்நேர இங்கிலிஷ் வகுப்பு நேரசூசியில் இல்லாதது. சம்பளமும் இல்லாதது.

1976 ஆடி மாதம். அமெரிக்காவுக்கு 200 வயது என்று ரேடியோவில் ஒரே பேச்சு. நமக்கோ கூப்பன் அரிசியும் சங்கக்கடை வரிசையும். சேர் கரும்பலகையில் 'தி அமெரிக்கன் ட்ரீம்' என்று எழுதி, அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கட்டுரை எழுதுகிற அளவுக்கு என்னிடம் இங்கிலிஷ் இல்லை. இலக்கம் போட்டு எழுதினேன். ஒன்று, கார். இரண்டு, ஃப்ரிட்ஜ். மூன்று, மேல்மாடி வீடு. நாலு, வீட்டுக்குள்ளேயே சுடுதண்ணீரோடு குளியலறை. ஐந்து, கோட் சூட். ஆறு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது.

சேர் என் கொப்பியை எடுத்து உரக்க வாசித்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் வகுப்பு சிரித்தது. ஐந்தாவதுக்கு வந்ததும், "கோட் சூட் போட்டுக்கொண்டே குளிப்பாய் போல" என்றார். வாங்குகள் ஆடின. ஆறாவதைப் பார்த்தவர் வாசிக்கவில்லை. கொப்பியை மூடி மேசையில் வைத்தார்.

"எடேய், இது கனவில்லை. சங்கக்கடைக்குக் குடுத்துவிடுற சாமான் துண்டு."

அன்றிலிருந்து என் பெயர் சாமான் துண்டு. டொரொன்டோ ஒன்றுகூடலில் பேரன் பேத்திகளுக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். வாழ்க.

சிரிப்பு அடங்கியபின் சேர் பாடத்துக்கு வந்தார். அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ அடம்ஸ் என்ற சரித்திர ஆசிரியர். வருடம் 1931, அங்கே சனம் வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம். தன் புத்தகத்துக்கே அந்தப் பெயரை வைக்க அவர் விரும்பினார், பதிப்பாளர் விடவில்லை. காரும் கூடின சம்பளமும் மட்டுமல்ல அந்தக் கனவு, எந்தப் பிறப்பில் பிறந்தவரும் தம்மால் இயன்ற உயரத்துக்கு வளர விடுகிற ஒரு சமூகம் என்று அவர் எழுதினார். 'பிறப்பு' என்ற இடத்தில் சேர் கொஞ்சம் நிறுத்தி, வகுப்பின் கடைசி வாங்கைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று நம் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. காரை ஒருவர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே என்ற வியப்புத்தான் இருந்தது.

பிறகு வில்லி லோமனின் கதை. ஆர்தர் மில்லர் 1949இல் மேடையேற்றிய 'டெத் ஒஃப் எ சேல்ஸ்மன்' நாடகத்தை சேர் தமிழிலேயே நடித்துக் காட்டினார். ஊர் ஊராய்த் திரிந்து சாமான் விற்கிற மனுசன். எல்லோருக்கும் தன்னைப் பிடிக்கும், தன் செத்தவீட்டுக்கு நாலு மாநிலத்திலிருந்தும் சனம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கடைசியில் வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் தவிர ஒருவரும் இல்லை. புதைகுழிக்கு முன்னால் நின்று மனைவி சொல்கிறாள்: வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன், இனி அந்த வீட்டில் இருக்க ஆள் இல்லை. சேரின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. பின்னாலிருந்து நாங்கள் விசிலடித்தோம்.

83க்குப் பிறகு யார் எங்கே போனோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் 84இல் மாணவர் விசாவில் நியூ ஜேர்சிக்கு வந்தேன். இந்த மாநிலத்தில் காருக்குத் தானே பெற்றோல் அடிக்கச் சட்டம் விடாது, ஆள்தான் அடிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் என்னைப்போல எத்தனையோ பேருக்கு இரவு வேலை கிடைத்தது. என் துண்டின் முதலாம் இலக்கத்தை, சொந்தமாக ஒன்று வாங்குவதற்கு முன் சில ஆயிரம் தடவை தொட்டுவிட்டேன்.

வீடு வாங்கியது வில்லிங்பரோவில். லெவிட் கம்பனி கட்டிய ஊர். 1947இல் லோங் ஐலண்டில், போரிலிருந்து திரும்பியவர்களுக்காக அச்சில் வார்த்ததுபோல ஆயிரக்கணக்கில் வீடு கட்டி, அமெரிக்கக் கனவு என்றால் புல்தரையோடு சொந்த வீடு என்று ஆக்கியவர்கள் அவர்கள்தான். அந்த வீடுகளில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் கறுப்பினத்தவருக்கு விற்க மறுத்திருக்கிறார்கள். வழக்குப் போட்டு, 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இதை நான் அறிந்தது வீடு வாங்கிப் பல வருடத்துக்குப் பிறகு, ஊர் நூலகத்தில். சேர் கடைசி வாங்கைப் பார்த்த பார்வை அப்போது எனக்கு விளங்கியது. நான் எந்த வாங்கில் இருந்து சிரித்தேன் என்பதும்.

1998இல் அம்மாவைக் கூட்டிவந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை வந்து, கொழும்பில் விசாவுக்கு நின்று வந்தாள். ஆறு மாதம் இருக்கலாம். மூன்றாவது மாதமே திரும்பிப் போகக் கேட்டாள். சுடுதண்ணீர்க் குளியலறை பிடித்திருந்தது, ஃப்ரிட்ஜ் பிடித்திருந்தது. "தம்பி, இஞ்ச கதவைத் திறந்தாலும் பூட்டினாலும் ஒண்டுதான்" என்றாள். 2001இல் காலமானாள். நான் போகவில்லை. போரால் ஊருக்குப் போகிற பாதை மூடியிருந்தது உண்மை. அது எனக்கு வசதியான உண்மையாகவும் இருந்தது.

2008இல் எங்கள் தெருவில் மூன்று வீடுகளை வங்கி எடுத்தது. என் வீட்டின் பெறுமதி கடனைவிடக் கீழே போனது. எனக்குப் பிடித்திருந்தது ஒன்றுதான், நிலையான வட்டி. அதே காலத்தில் அலுவலகத்தில் 'கேட்ஸ்பி விருந்து' ஒன்று வைத்தார்கள். இறகுத் தலைப்பட்டி, முத்துமாலை, ஷம்பெய்ன். ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் எழுதிய அந்த நாவலில் விருந்துக்கு வந்த நூற்றுக்கணக்கானவர்களில் கண்ணாடிக்காரர் ஒருவர் மட்டும்தான் கேட்ஸ்பியின் செத்தவீட்டுக்கு வருகிறார். விருந்தில் இதைச் சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

என் மகள் ஜேர்சி சிட்டியில் வாடகைக்கு இருக்கிறாள். அவளுக்குக் கனவு என்றால் படிப்புக் கடன் தீர்வது, அவ்வளவுதான். சொந்த வீடு என்று நான் தொடங்கினால், "அது உங்கட காலத்துக் கனவு அப்பா" என்பாள். போன வருடம் ஒரு நாவலைக் கொண்டுவந்து தந்தாள். அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன் எழுதிய 'ப்ரதர்லெஸ் நைட்'. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு வாங்கியது. திறந்தால், எண்பதுகளின் யாழ்ப்பாணம். நாங்கள் அமெரிக்காவை எழுதப் பழகிய வாங்குகளிலிருந்து சைக்கிள் தூரத்தில் நடக்கிற கதை. சேர் வாசித்திருப்பாரா? அனுப்ப வேண்டும் என்று உறை வாங்கி முகவரிகூட எழுதிவைத்திருந்தேன்.

சேரின் செத்தவீட்டை நேரலையில் பார்த்தேன். அங்கே காலை பத்து மணி, இங்கே முதல்நாள் இரவு பதினொன்றரை. முற்றம் கொள்ளாமல் சனம் ஒழுங்கை முகப்புவரை நின்றது. நாலு மாவட்டத்திலிருந்து வந்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். யாரோ அவருடைய குடையைப் பாடைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சங்கத்தின் மலர்வளையத்தில் நானும் ஐம்பது டொலர்.

முடிந்ததும் ஊரிலேயே இருந்துவிட்ட நம் வகுப்புக்காரன் ஒருவனுக்குப் போன் எடுத்தேன். கடைசி வாங்கில் இருந்தவன். பின்னாளில் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சேரைக் கடைசி வருடங்களில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தது அவன்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே கேட்டான்.

"மச்சான், அந்தச் சாமான் துண்டில ஆறாவதைச் சேர் வாசிக்கேல்லையெல்லே. என்னடா எழுதியிருந்தனி?"

"கலர் டீவி" என்றேன்.

"அப்ப இஞ்ச டீவியே வரேல்லையேடா" என்றான்.