அங்கோர் கல்லும் எங்க ஊர்க் கல்லும்

கம்போடியா போய் வந்தவர்கள் எல்லாரும் அங்கோர் வாட் எவ்வளவு பெரியது என்றுதான் சொல்வார்கள். நான் கல்லைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் கூட வந்த மாமா பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியிலேயே காலம் தள்ளியவர், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் சுவரில் கை வைத்துப் பார்ப்பவர்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு, அப்புறம் பாங்காக் வழியாக அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப். கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாளுக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம் என்பதால் அவசரமே இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அங்கோர் வாட். மேற்கு பார்த்த வாசல். உள்ளே போனதும் மாமா ஒரு சுவரோரம் நின்றுவிட்டார். "மாப்ள, நடுவுல சாந்தே இல்ல பாரு." கல்லோடு கல்லை உரசி உரசித் தேய்த்தே இணைப்பைப் படிய வைத்திருக்கிறார்கள், நகம்கூட நுழையாத இடங்கள் இருக்கின்றன. கற்களில் விரல் நுழைகிற அளவுக்கு வட்டக் குழிகள், முளை அடித்துக் கயிறு கட்டித் தூக்குவதற்குப் போட்டவை. எல்லாம் மணற்கல், குலேன் மலையடிவாரத்தில் வெட்டி, தண்ணீர் வழியாகக் கொண்டுவந்தது என்கிறார்கள். உள்ளே மறைவாகக் கிடப்பது செம்புராங்கல்.

பாற்கடல் கடையும் சிற்பவரிசை கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். தேவர்களும் அசுரர்களும் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள், நம் கதை, நமக்குத் தெரியாத முகங்கள். தர்மபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சி சன்னதியின் அடிப்பகுதியைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ராமாயணம் செதுக்கியிருப்பார்களே, அது ஞாபகம் வந்தது. இங்கே கதை சுவர் முழுக்க விரிந்து கிடக்கிறது, கல் இளகினது என்பதால் உளி இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது.

ஆனால் இளகின கல்லுக்கு ஆயுசும் குறைவு. மணற்கல் படிவம் படிவமாக உருவானது, படுக்கை வசத்தில் வைத்தால் தாங்கும், செங்குத்தாக நிறுத்திய இடங்களில் ஈரம் இறங்கி ஏடு ஏடாக உரிகிறது. ஒரு தூணின் கீழே அப்படி உரிந்துபோன தேவதையைப் பார்த்து மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது பன்தேய் ஸ்ரே. 967-இல் பிரதிஷ்டை செய்த சிவன் கோயில், கட்டியது அரசன்கூட இல்லை, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்புக் கல், குனிந்து நுழைய வேண்டிய குட்டி வாசல்கள், கை அகல இடம்கூட வெறுமையாக விடவில்லை. கைலாயத்தை உலுக்கும் ராவணன், பயந்து சிவனை ஒட்டிக்கொள்ளும் உமை. கிழக்கு வாசல் ஒன்றின் மேலே சிவன் ஆடுகிறார், பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண், காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். கடல் தாண்டி, அந்தக் காலத்திலேயே, காரைக்கால் அம்மையார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சியம் ரீப் நிதானமான ஊர். சாயங்காலமானால் ஆற்றோரம் மரத்தடியில் நடப்போம், பழைய மார்க்கெட் பக்கம் கன்டென்ஸ்டு மில்க் ஊற்றிய ஐஸ் காபி குடிப்போம், யாரும் யாரையும் விரட்டுவதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் சாஸ்தான் தொந்தரவு, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிழிந்த டாலர் நோட்டையும் வாங்க மாட்டார்கள், புதுசாக எடுத்துப் போங்கள்.

பன்தேய் ஸ்ரே ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, டுக்டுக்கில் போக ஒரு மணி நேரமாவது ஆகும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், கோயில் கிழக்கு பார்த்தது, இளவெயில் நேராக அந்தச் சிற்பங்களில் விழும்.