புல்லுருவியில் ஒரு பூங்கொத்தி

"அந்தப் புல்லுருவியை வெட்டாம என்ன மாப்ள வேடிக்கை?" என்றார் மாமா.

காவேரிப்பட்டணம் பக்கம் அவருடைய மாந்தோப்பு. மரக்கிளையில் ஒட்டி, அதன் சாற்றை உறிஞ்சி வாழும் செடிதான் புல்லுருவி. கட்டை விரல் அளவே இருக்கும் பூங்கொத்திப் பறவை ஒன்று, புல்லுருவியின் மூடிய மொட்டை அலகால் அழுத்தியது.

மொட்டு சட்டென வெடித்துத் திறந்தது. மகரந்தம் முகத்தில் தெறிக்க, பறவை தேனைக் குடித்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போனது.

பழுத்தால் அதே பறவை பழத்தையும் தின்னும். எச்சத்தோடு வரும் பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்து ஒட்டிவிடும். அங்கேயே அடுத்த புல்லுருவி முளைக்கும். மாமாவுக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது.

பறவையியலாளர் சலீம் அலி 1931லேயே கொங்கணத்தில் இதைப் பார்த்து எழுதிவிட்டார். அன்று பார்த்து எழுதியது அவர் ஒருவர். இன்று பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தால், ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகள்கூட 15 நிமிடம் நின்று பார்த்ததை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறார்கள்.

ஆனால் பெரும்பாலும் பறவையின் பெயரும் எண்ணிக்கையும்தான். எந்தச் செடியில் உட்கார்ந்தது, என்ன தின்றது? அதை எழுதுபவர்கள் குறைவு. (நானும் சோம்பேறிதான்.)

பொங்கல் சமயம் மா பூக்கத் தொடங்கும். அந்தப் பூவுக்கு வருவது பெரும்பாலும் ஈக்கள். ஈயைப் பிடிக்கப் பஞ்சுருட்டான் பறவை வரும். யாராவது ஈயையும் படமெடுத்து, எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் போட்டால், தேதியையும் இடத்தையும் வைத்துப் பூ, பூச்சி, பறவை மூன்றையும் கோக்கலாம்.

இபேர்டின் குறிப்புப் பெட்டியில் "மாமரப் புல்லுருவியில் தேன் குடித்தது" என்று தமிழிலேயே எழுதினேன்.

மாமா அரிவாள் எடுக்கப் போயிருக்கிறார். ஒரு கிளையையாவது விடச் சொல்லிப் பார்க்கிறேன்.