இன்ஹேலரின் முதுகில் இருந்த எண்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான புது மருந்து ஒன்றின் ஆய்வில் 52 வாரம் இருந்துவிட்டு வந்தேன். "சோதனை எலி ஆக்கிடுவாங்களே, பயமா இல்லையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. பயமெல்லாம் பெரிதாக இல்லை. உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு 63 வயது. தினம் ஒரு பாக்கெட் வீதம் 28 ஆண்டு புகைத்தவன், விட்டு 7 ஆண்டாகிறது. தினம் 20 சிகரெட் என்று ஓராண்டு புகைத்தால் அது ஒரு 'பாக்கெட் ஆண்டு'. இந்த ஆய்வில் சேரக் குறைந்தது 10 பாக்கெட் ஆண்டாவது இருக்க வேண்டும். சிகரெட்டால் எனக்கு ஒரு தகுதி கிடைத்தது அன்றைக்குத்தான். அடுப்புப் புகையிலேயே காலம் தள்ளி இதே நோயை வாங்கிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். ஒரு சிகரெட் கூடத் தொடாத அவர்களுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளில் இடமில்லை. இது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை.

அடுத்த தகுதி, முந்தைய ஓராண்டில் நோய் திடீரென்று மோசமாகியிருக்க வேண்டும். நாங்கள் அட்டாக் என்பதை அவர்கள் எக்சாசர்பேஷன் என்கிறார்கள். எனக்கு இரண்டு தடவை வந்திருந்தது. மூன்றாவதாக, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் 300க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 340. "சிஓபிடின்னு பேர் ஒண்ணுதான் சார், உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை" என்றார் டாக்டர். சிலருக்கு மூச்சுக்குழாய் வீக்கத்தில் இந்த அணுக்களின் பங்கு அதிகமாம். டூபிலுமாப் ஊசியை வைத்து நடந்த 'போரியாஸ்' ஆய்விலும் இப்படி 300க்கு மேல் உள்ள 939 பேரை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். 2023இல் வந்த முடிவுப்படி அட்டாக் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. எனக்குப் போட இருந்தது அந்த மருந்து அல்ல. அதைப் போலவே இதுவும் தோலுக்கடியில்தான். ஆனால் அது 2 வாரத்துக்கு ஒன்று, என்னுடையது 4 வாரத்துக்கு ஒன்று.

ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேல். வீட்டுக்கு எடுத்துப் போய் மகளோடு உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். சேர நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வரி, ஏற்கெனவே எடுக்கும் மருந்து நிற்குமா என்பது. என் ஆய்வில் நிற்காது. பாதிப் பேருக்குப் புது ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. ஆனால் எல்லோரும் வழக்கமான மூன்று மருந்து இன்ஹேலரைத் தொடர வேண்டும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். இந்த மூன்றும் தெளிவான பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஊசி தொடங்கும் முன்பே ஒரு கூத்து நடந்தது. நர்ஸ் அம்மா, "இன்ஹேலரை எப்படி எடுக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். ஐந்து வருடமாக எடுக்கிறேன், இதில் என்ன சோதனை என்று நினைத்துக்கொண்டே காட்டினேன். என்னுடையது பொடி இன்ஹேலர். வேகமாக, ஆழமாக இழுத்து 10 நொடி மூச்சை அடக்க வேண்டும். நானோ பூ முகர்வதுபோல மெல்ல இழுத்து உடனே விட்டேன். போதாததற்கு, இழுக்கும் முன் அதற்குள்ளேயே ஒரு ஊது வேறு. "மருந்து நாக்கைத் தாண்டிப் போயிருக்காதே சார்" என்றார். முறையை மாற்றிய மூன்றாவது வாரத்தில் மாடிப்படியில் பாதியில் நிற்பது குறைந்தது.

குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பற்றிக் கேட்கிறார்கள். வலி இல்லை, ஆனால் லேசான வேலையும் இல்லை. மூக்கில் கிளிப், வாயில் குழாய். நெஞ்சு நிறைய இழுத்து ஒரே வெடிப்பாக விட வேண்டும். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இருக்கு, விடாதீங்க" என்று டெக்னீஷியன் பக்கத்தில் நின்று கத்துவார். உள்ளே ஒன்றும் இல்லை என்று நமக்குத் தெரியும், இருக்கிறது என்று திரை அவருக்குக் காட்டும். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். ஒழுங்கான ஊதல் மூன்று வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். ஒன்றில் இருமல், ஒன்றில் தொடக்கம் பிசகியது என்று முதல் நாள் ஏழு தடவை ஊதினேன். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து எடுத்து 15 நிமிடம் கழித்து ஊதியதில், முதல் நொடியில் வெளியேறியது 1.14 லிட்டர், மொத்தம் 2.38 லிட்டர். விகிதம் 0.48. இது 0.70க்குக் கீழே இருந்தால்தான் சிஓபிடி.

இதைவிடக் கொடுமை சோதனை நாளின் காலை. மருந்துக்கு முன்னால் உள்ள அளவும் வேண்டும் என்பதால், ஊதி முடிக்கும்வரை இன்ஹேலர் கிடையாது. ஆத்திர அவசரத்துக்கு உள்ளதைக்கூட 6 மணி நேரம் தொடக்கூடாது. சட்டைப் பொத்தான் போடவே இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அப்படி எடுத்த முதல் நொடி அளவு 1.02 லிட்டர்.

ஆறு நிமிட நடையும் உண்டு. 30 மீட்டர் நடைபாதையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். கூட நிற்பவர் நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிவைத்த வாக்கியத்தை மட்டும் சொல்வார். "நல்லா செய்றீங்க, இன்னும் 4 நிமிஷம் இருக்கு." வேறு பேச்சுக் கொடுத்தால் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார். ஒருவருக்கு அதிகம் உற்சாகம் கொடுத்தால் அவர் அதிகம் நடந்துவிடுவாராம். என்னைப் போன்ற ஆளுக்கு அது உண்மைதான்.

இனி அந்த விஷயம். தினமும் போனில் ஒரு டைரி நிரப்ப வேண்டும். சளி எவ்வளவு, நிறம் என்ன, அவசர இன்ஹேலரை எத்தனை தடவை அழுத்தினேன் என்று. பதினெட்டாவது வாரம் சளி பச்சையாகி, இரவில் படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பழைய சீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாள் போட்டேன். டைரியில் சளி 'வழக்கம்போல', அழுத்தியது 0, இல்லாவிட்டால் 1. ஏன் மறைத்தேன்? வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. நம்மை இவ்வளவு நன்றாகக் கவனிக்கிறவர்களுக்கு நல்ல சேதிதான் கொடுக்க வேண்டும் என்ற அசட்டுத்தனம் இன்னொன்று. டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்றால் "பரவாயில்லை" என்றே சொல்லிப் பழகியவன் நான். சிகரெட் காலத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வேன்.

இருபதாவது வாரம் போனபோது ஒருங்கிணைப்பாளர் என் அவசர இன்ஹேலரை வாங்கித் திருப்பினார். அதன் முதுகில் 200இலிருந்து இறங்கிவரும் எண் ஒன்று இருக்கிறது. "போன தடவை 152. இப்போ 71. டைரியில மொத்தம் 6 இருக்கு சார்." குரலில் கோபமில்லை. நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தனியா மருந்து போடாதீங்க, ராத்திரி ஆனாலும் கூப்பிடுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, "நாங்க எண்ணிட்டிருக்கிறதே அதைத்தான் சார். அதை மறைச்சிட்டா மீதி எதுக்கு?" என்றார். மூச்சு மோசமாகி ஆன்டிபயாட்டிக் எடுத்தாலே அது ஒரு அட்டாக் என்று ஏறும். ஏற்றினார்கள். டாக்டர் அன்று 'டார்ச்' என்ற ஆய்வைச் சொன்னார். 2007இல் வந்தது. 6,112 பேரை 3 ஆண்டு பார்த்தார்கள். இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலர் உயிரிழப்பைக் குறைக்கிறதா என்பது கேள்வி. தற்செயல் அல்ல என்று சொல்ல வேண்டுமானால் கணக்கு 0.05க்குக் கீழே வர வேண்டும். வந்தது 0.052. அவ்வளவு பேர், அவ்வளவு வருடம், கடைசியில் ஒரு மயிரிழை. "உங்களோட ஒரு அட்டாக் எந்தப் பக்கம் விழுதுன்னு எங்களுக்கே தெரியாது, அதான் எல்லாம் வேணும்" என்றார்.

அதன் பிறகு டைரியில் மாற்றியெழுதவில்லை. எழுதும்போது கை கூசியது உண்மை. கடைசி வருகையில் காலை அளவு 1.09. தொடக்கத்தில் எடுத்த 1.02ஐ விட 70 மில்லி கூடுதல். அந்த ஆண்டில் அட்டாக் அந்த ஒன்றுதான். சரி, எனக்கு நிஜ ஊசிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எல்லோருக்கும் முடிந்து கணக்குப் பார்த்து, எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்குப் போட்டது போலி ஊசி.

மகள் படித்துவிட்டு, "ஒரு வருஷம் சும்மா தண்ணியைக் குத்திக்கிட்டீங்களாப்பா?" என்றாள். அப்படியானால் அந்த 70 மில்லி? போரியாஸில் போலி ஊசிக் குழுவுக்கே 12 வாரத்தில் சராசரியாக 77 மில்லி கூடியிருந்ததாம். எனக்கு அது நர்ஸ் அம்மா திருத்திய இழுப்பு என்றே படுகிறது. ஆனால் அன்று என் மனது அந்த எண்ணில் இல்லை. அந்த 81 அழுத்தலும் இன்ஹேலரின் முதுகில் பதியாமல் இருந்திருந்தால், வெறும் தண்ணீர் ஒரு அட்டாக்கைத் தடுத்துவிட்டதாகக் கணக்கில் ஏறியிருக்கும்.