மத்தது ஏன் தெரியல?

கோடியக்கரை உப்பளத்தில் ஏப்ரல் மாத மாலையொன்றில் எடுத்த அந்தப் பறவைக் கூட்டத்தின் படம் இன்னும் என் மடிக்கணினியில் கிடக்கிறது. பறவைக் கணக்கெடுப்பு அறிக்கை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் திறந்து பார்க்கிறேன்.

"தம்பி, கடைசில நிக்கிறது வேற. தொண்டையெல்லாம் செவப்பு" என்றார் கூட வந்த அண்ணன். சிவப்புக்கழுத்து கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை என்பது அவர் கணிப்பு. இளமையில் பறவைகளின் காலில் வளையமிடும் முகாம்களுக்கு வலை விரித்தவர். உள்ளான்களைக் கையில் பிடித்துப் பார்த்தவர்.

"வெயில் இறங்குற நேரம்ணே. எல்லாமே செவப்பாத்தான் தெரியும்" என்றேன்.

"மத்தது ஏன் தெரியல?"

மற்றவை இன்னும் சிறகு மாற்றவில்லை போல என்று ஏதோ சொன்னேன். அது தவறான பதில் இல்லை. குளிர்காலத்தில் சாதாரணக் கொசு உள்ளானும் இந்தச் சிவப்புக்கழுத்தும் ஒரே சாம்பல், ஒரே வெள்ளை. வடக்கே கிளம்பும் முன் நிறமேறும்போதுதான் பிரிகின்றன: சாதாரணக் கொசு உள்ளானுக்குக் கன்னமும் மார்போரமும் ஆரஞ்சாகும், தொண்டை வெள்ளையாகவே நிற்கும், மற்றதற்குத் தொண்டையே புள்ளியில்லாத செங்கல் நிறம். ஆனால் ஏப்ரலில் பாதி மாறிய பறவையில் அந்த எல்லை எங்கே? அதன் மேல் மாலை வெயிலும் பூசினால்?

வயிறு வெள்ளையாகப் பதிந்திருந்தால் கழுத்தின் சிவப்பை நம்பலாம். படத்தில் வயிறு வரப்பின் நிழலில் இருக்கிறது, கழுத்து மட்டும் வெயிலில். கால் நீளத்தை வைத்துச் சொல்லலாமென்றால் சேற்றில் பாதி புதைந்து நிற்கிறது. 'பிரித்தறியப்படவில்லை' என்று எழுதினேன். இன்று எழுதினாலும் அதையேதான் எழுதுவேன்.

அப்படியானால் ஏன் உறுத்துகிறது? அதே அறிக்கையில் அகல அலகு உள்ளான் ஒன்று படமே இல்லாமல் ஏறியது. பார்த்தவர் பேராசிரியர். அதற்கு இரட்டைப் புருவக்கோடு உண்டு, நிறத்தை நம்ப வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நியாயம்தான். அந்த மாலை எங்கள் முன்னால் மேய்ந்த வளைமூக்கு உள்ளான்களும் சாம்பல் உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி அரைகுறையாகத்தான் இருந்தன. அவற்றை யாரும் சந்தேகிக்கவில்லை, வளைந்த அலகே போதும். ஆனால் பேராசிரியரிடம் "வெயில்ல அப்படித் தெரிஞ்சிருக்கும் சார்" என்று சொல்லியிருப்பேனா? கேமராவில் அகப்படுவது மட்டும்தான் சான்று என்றால், தொலைநோக்கியில் நின்று நிதானித்துப் பார்த்தவரின் கண்ணுக்கு என்ன மதிப்பு? மதிப்பெல்லாம் உண்டு, ஆனால் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. இதைச் சொல்லும்போதே சாக்குப்போக்காகவும் படுகிறது. கட்டம் போட்டவன் நான்தானே.

இப்போது நிறம் முக்கியமாகும் நாட்களில் நண்பகலுக்கு முன்பே படமெடுக்கத் தரையில் படுத்துவிடுகிறேன், முழங்கையெல்லாம் உப்பு. வெள்ளை வெளுத்துப்போகாமல் வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கிறேன். ஆகஸ்டில் திரும்பி வரும் வளர்ந்த பறவைகளில் தேய்ந்த சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அப்போதும் தேடுகிறேன்.

அண்ணன் இப்போதும் கூட வருகிறார். கூட்டத்தை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். என்ன இனம் என்று கேட்டால், "கொசு உள்ளான்தான் தம்பி, படத்துல பாத்துக்குங்க" என்கிறார். கோபமா, நான் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.