லண்டனில் பிரான்சிஸ் வில்லியம்ஸ், கூடவே எட்வர்ட் லாங்

லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குள் நுழைந்தால் முதலில் திப்புவின் புலி, அதன் முன் ஒரு செல்ஃபி, அப்புறம் சோழர் காலச் செப்புச் சிலைகள். நானும் அதெல்லாம் பார்த்தேன். ஆனால் நான் போனது வேறொரு ஓவியத்துக்காக.

சுமார் இரண்டடி உயரம்தான் இருக்கும். நீலக் கோட்டு, வெள்ளைக் காலுறை, தலையில் விக் என்று ஒரு கறுப்பினத்தவர் தன் புத்தக அறையில் நிற்கிறார். மேஜையில் நியூட்டனின் புத்தகம் திறந்திருக்கிறது, பக்கத்தில் ஜன்னல். ஜமைக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ் வில்லியம்ஸ். அவருடைய அப்பா ஜான் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். மகன் 1721-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்ட மாணவராகச் சேர்ந்தார், பிறகு ஊர் திரும்பி ஸ்பானிஷ் டவுனில் பள்ளிக்கூடம் நடத்தினார், லத்தீனில் கவிதை எழுதினார், 1762-இல் இறந்தார். அந்தக் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ரொம்பச் சுத்தமாகிவிடும்.

சரி, லாங் எங்கே வருகிறார்? எட்வர்ட் லாங் 1734-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1655-இல் ஆங்கிலேயர் ஜமைக்காவைப் பிடித்த காலத்திலிருந்தே அவர் குடும்பத்துக்கு அங்கே வேர் உண்டு. 1757-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். லக்கி வேலி என்ற கரும்புத் தோட்டம், அதில் நூற்றுக்கணக்கான அடிமைகள், நீதிபதி வேலை, தீவின் சட்டசபையில் இடம், 1768-இல் சில நாட்கள் சபாநாயகர் பதவி. 1769-இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1774-இல் மூன்று பாகங்களில் ஜமைக்கா வரலாற்றை வெளியிட்டார். தீவின் மண், மழை, வரி, வியாபாரம் என்று அவ்வளவு விவரம் அதில் இருப்பதால் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தள்ளிவிட முடியவில்லை. அதே புத்தகத்தில்தான் கறுப்பினத்தவர் ஐரோப்பியரிலிருந்து வேறான உயிரினம் என்று வாதாடி, அவர்களை ஓராங்குட்டானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

அப்படி வாதாடுகிறவருக்கு லத்தீனில் கவிதை எழுதும் ஒரு கறுப்பர் பெரிய தலைவலி. அதனால் வில்லியம்ஸுக்கென்றே ஓர் அத்தியாயம். ஆளுநர் ஹால்டேன் மீது வில்லியம்ஸ் பாடிய கவிதையை முழுதாக அச்சிட்டு, மொழிபெயர்த்து, நக்கீரர் மாதிரி வரி வரியாகக் குற்றம் பார்க்கிறார். நக்கீரருக்குப் பாட்டின் மேல் அக்கறை இருந்தது, இவருக்கு முடிவு முன்கூட்டியே தயார். எனக்கு வேடிக்கையாகப் பட்டது இதுதான்: அந்தக் கவிதை இன்று நம் கையில் இருப்பதே லாங் அதை அச்சிட்டதால்தான். இந்த ஓவியமும் அவருடைய சந்ததியார் வசம் இருந்துதான் வெளியே வந்து, 1928-இல் மியூசியத்தை அடைந்தது.

தலை பெரிதாக, கால்கள் குச்சியாக இருப்பதால் இது கேலிச் சித்திரம் என்றே ரொம்ப காலம் சிலர் நினைத்தார்கள். 2024-இல் ஃபாரா டாபோய்வாலா என்ற வரலாற்றாசிரியர், ஸ்கேன்களை வைத்து வேறு மாதிரி சொன்னார். மேஜையில் திறந்திருப்பது நியூட்டனின் ‘பிரின்சிபியா’ மூன்றாம் பதிப்பு, வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிடும் பக்கம். ஜன்னலுக்கு வெளியே வானத்தில் 1759-இல் திரும்பி வந்த ஹாலி வால்நட்சத்திரம். அதாவது, கணக்கு எனக்கும் தெரியும் என்று வில்லியம்ஸே சொல்லி வரையவைத்த படம் என்பது அவர் வாதம். படத்தின் முன் நின்றபோது எனக்கும் அதுதான் பொருத்தமாகப் பட்டது. கேலி செய்ய நினைக்கிறவன் இவ்வளவு மெனக்கெட்டுப் பக்கம் தேடி வரைய மாட்டான்.

அங்கிருந்து பிக்காடிலி லைனில் ஹோல்பர்ன் போய், லிங்கன்ஸ் இன் வளாகத்தில் கொஞ்சம் நடந்தேன். செங்கல் கட்டடங்கள், புல்வெளி, கோப்புகளோடு ஓடும் வக்கீல்கள். லாங்கைப் புதைத்த ஸ்லிண்டன் கிராமம் சசெக்ஸ் பக்கம் இருக்கிறது, அதற்காக ஒரு பகலைச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், மியூசியத்தில் நுழைவு இலவசம். எந்த அறையில் இருக்கிறது என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், படங்களை இடம் மாற்றுவார்கள். அங்கேயே படத்தைப் பெரிதாக்கி ஜன்னல் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நேரில் அந்த வால்நட்சத்திரம் சட்டென்று கண்ணில் படாது.