எது பங்களா?

சிகாகோவில் அக்கா பங்களா வாங்கிவிட்டாள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பங்களா என்றால் எங்களுக்கு இரும்பு கேட், வாட்ச்மேன், வராந்தாவில் பிரம்பு நாற்காலி. டாக்ஸியிலிருந்து இறங்கிப் பார்த்தால் ஒன்றரை மாடிச் செங்கல் வீடு. பக்கத்திலும் எதிரிலும் அதே மாதிரி.

"இதிலே எது பங்களா?"

"எல்லாமே பங்களாதான்" என்றாள் அக்கா.

வங்காளத்துக் குடிசைக்கு இருந்த பெயரை வெள்ளைக்காரன் கப்பலேற்றிக்கொண்டு போனான். நம் ஊரில் அது துரை வீடானது. இங்கே தொழிலாளி கடன் வாங்கிக் கட்டிய வீடானது. 1910 முதல் 1940 வரை சிகாகோவில் இப்படிச் சுமார் 80,000 வீடுகள் எழும்பின. நகரத்தைச் சுற்றிப் பிறை போல வளைந்து கிடக்கும் அந்தப் பகுதிக்கு 'பங்களா பெல்ட்' என்றே பெயர். மிஷெல் ஒபாமா வளர்ந்ததும் இப்படி ஒரு வீட்டின் மேல்தளத்தில்தான்.

மறுநாள் காலை காபியோடு வெளியே போய் நின்றேன். தாழ்ந்த கூரை நாலு பக்கமும் சரிந்து, இறவாரம் நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் பணக்காரர்களுக்குக் கட்டிய, சமவெளி போலத் தாழ்வாகப் படர்ந்த 'பிரெய்ரி' வீடுகளின் சாயல் இது. வாசல் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. மிச்ச அகலம் முழுக்க வரிசையாக ஜன்னல்கள், மேலே சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடிகள். ஜன்னலடியில் வெளிர் சுண்ணாம்புக்கல். முகப்புச் செங்கல் ஆழ்ந்த பழுப்பு. விளிம்பு கொஞ்சமும் பிசகவில்லை.

அப்புறம் பக்கவாட்டுக்குப் போனேன். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற இடுக்கு. 'கேங்வே' என்கிறார்கள், எங்கள் ஊரில் முடுக்கு. முகப்புச் செங்கல் மூலையில் திரும்பி இரண்டு மூன்று அடி வருகிறது, அதோடு சரி. மிச்சச் சுவர் முழுக்க வேறு செங்கல். ஒன்று ரோஜா நிறம், ஒன்று மஞ்சள், ஒன்று கருகல். உள்ளூர்க் களிமண்ணில் சுட்ட மலிவுச் சரக்கு. தெருவுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் காசைக் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதம்பச் சுவர்தான் பிடித்தது. இப்போது கட்டடங்களை இடிக்கும்போது இந்தச் செங்கல்லைத்தான் சுத்தம் செய்து வெளி மாநிலங்களுக்கு விற்கிறார்களாம்!

செங்கல்லுக்குக் காரணம் 1871இல் சிகாகோவை எரித்த பெருந்தீ. அதன் பிறகு நகரத்துக்குள் மரத்தில் கட்டக் கட்டுப்பாடு வந்தது. பேஸ்மென்ட்டுக்குக் காரணம் குளிர். மண் உறைகிற ஆழத்துக்குக் கீழே, சுமார் மூன்றரை அடிக்கு, அஸ்திவாரம் போயே ஆகவேண்டும். அவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் கீழே ஒரு முழு வீடே கிடைக்கிறது. அக்கா அங்கே துணி காயப்போடுகிறாள், அரிசி மூட்டை வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டிய இடம்.

சாயங்காலம் வீடியோ காலில் அம்மாவுக்கு வீட்டைக் காட்டினேன். கூரை, ஜன்னல், வண்ணக் கண்ணாடி. நான் போனை முடுக்குப் பக்கம் திருப்பியதும் அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

"அங்கே எதுக்குடா போறே? முன்பக்கத்தைக் காட்டு!"